பெயர் சொல்லி அழைக்கும் பள்ளி

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் மாதா கோயிலை ஒட்டி, ஓட்டுக் கூரையும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட ஒரு கட்டடம் இருக்கும். முற்றத்தில் ஒரு வேம்பு நிற்கும். ஊரார் அதனை 'ஆர்.சி. பள்ளி' என்பர். முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அங்கே நடைபெறும். சில ஊர்களில் ஐந்து வகுப்புகளுக்கும் ஈராசிரியரே இருப்பர். கவிதைக்குரிய பொருளாகக் கடலும் பனையும் கண்ணில் படுகின்றன. அந்தக் கட்டடத்தின் அன்றாட வாழ்வு எளிதில் கண்ணில் படுவதில்லை. அவ்வாழ்வின் ஒரு சிறு செயலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும். அச்செயல், காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து குழந்தைகளின் பெயர்களைப் படிப்பது.

வீட்டில் ஒரு குழந்தை 'பாப்பா' என்றோ 'பெரியவனே' என்றோ விளிக்கப்படுகிறது. தெருவில் அது 'வலைக்காரர் மகன்', 'பனையேறி பேத்தி' என்று தொழிலாலும் குடியாலும் சுட்டப்படுகிறது. சில தெருக்களில் சாதிப் பெயரே அதன் பெயராகிவிடுகிறது. பள்ளியில்தான் அக்குழந்தையின் முழுப்பெயர் நாள்தோறும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படுகிறது. சொல்லியபின் ஆசிரியர் ஒரு கணம் காத்திருக்கிறார். 'உள்ளேன் டீச்சர்' என்று குழந்தை மறுமொழி கூறுகிறது. ஒரு மனிதப் பிறவியைப் பெயர் சொல்லி அழைத்து, அதன் மறுமொழிக்காகக் காத்திருக்கும் முதல் பொது இடம் தொடக்கப்பள்ளியே. கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒரு சமுதாயமாக எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை அந்தப் பெயர் அழைப்பைக் கொண்டே அளந்து காணலாம்.

பதிவேட்டில் ஒரு மொழி வரலாறு

அப்பள்ளியின் பதிவேட்டைப் படித்தால் ஒரு மொழி வரலாறு கிடைக்கும். 'சூசை' என்பது போர்த்துக்கீசியரின் 'ஜோசே' தமிழ் நாவில் திரிந்த வடிவம். 'சந்தியாகு' என்பது 'சந்தியாகோ' என்னும் பெயரின் திரிபு. இவை ஒலியால் வந்தவை. பொருளால் வந்த பெயர்களும் உண்டு. 'பவுல்' என்னும் இலத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்பது பொருள். ஆதலின் அவர் சின்னப்பர் ஆனார். 'யோவான்' என்னும் எபிரேயப் பெயரில் இறையருள் என்னும் பொருள் பொதிந்துள்ளது. ஆதலின் அவர் அருளப்பர் ஆனார். வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியின் காப்பியத் தலைவனுக்கு 'வளன்' என்று பெயரிட்டார். 'யோசேப்பு' என்பதற்குப் பெருகச் செய்தல் என்னும் பொருள் உண்மையின், அது பொருத்தமான தமிழாக்கமாயிற்று.

ஊர்களால் வந்த பெயர்கள் வேறொரு வகை. வேளாங்கண்ணியால் ஆரோக்கியமேரியும் ஆரோக்கியசாமியும், ஏலாக்குறிச்சியால் அடைக்கலமேரியும், தூத்துக்குடியால் பனிமயமும் பதிவேட்டில் ஏறினர். பிரான்சு நாட்டு லூர்து நகரில் 1858-இல் மாதா காட்சியளித்ததாகக் கொண்ட நம்பிக்கை பரவியபின் லூர்துமேரிகள் வந்தனர். இவர்களுக்கு இடையிடையே முருகேசனும் ஆயிஷாவும் முத்துலெட்சுமியும் இருப்பர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், போர்த்துக்கீசியம், அரபு, வடமொழி, தமிழ் ஆகியவை ஒரே பாயில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் காட்சி அது.

அப்பெயர்களை எழுதும் எழுத்திலும் ஒரு வரலாறு உண்டு. ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் பார்த்த அளவில் வேறுபடுவது அரிதாக இருந்தது. அவ்வேறுபாட்டை இன்றைய வரிவடிவில் நிலைபெறச் செய்த பெருமை வீரமாமுனிவரைச் சாரும் என்பதை அவையோர் அறிவர். 'மேரி' என்றும் 'அந்தோணி' என்றும் சிலேட்டில் தன் பெயரை முதன்முதலாக எழுதும் குழந்தை, அம்முனிவர் வகுத்த இரட்டைச் சுழிக் கொம்பை அறியாமலே வரைகிறது.

பழஞ்சொல்லும் புதுச்சொல்லும் சந்திக்கும் இடமும் அப்பள்ளியே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) முடிந்தபின், இலத்தீனில் நடந்த வழிபாடு தமிழுக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாகப் பூசை 'திருப்பலி' ஆயிற்று. ஞானஸ்நானம் 'திருமுழுக்கு' ஆயிற்று. சேசு 'இயேசு' ஆனார். வகுப்பில் 'திருப்பலி' என்று கற்ற குழந்தை வீட்டில் 'பூசைக்கு நேரமாச்சு' என்னும் பாட்டியின் குரலைக் கேட்டு எழுகிறது. இரு சொற்களும் அதற்குச் சொந்தம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து சிறுவர்க்குக் கற்பித்தார்; அவர்கள் வழியாகப் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பித்த முறையைத் தம் கடிதங்களில் குறித்துள்ளார். பள்ளியிலிருந்து வீட்டிற்குச் சொல் சுமந்து செல்லும் அந்த வேலையைக் குழந்தைகள் இன்னும் செய்கின்றனர்.

பள்ளியின் ஒரு நாள்

முதல் மணி அடிக்குமுன்பே சில குழந்தைகள் வந்துவிடுவர். வேப்பிலைச் சருகைப் பெருக்குவதற்கும் தண்ணீர்ப் பானையை நிரப்புவதற்கும் முறை வைத்திருப்பர். பின்னர் முற்றத்தில் வரிசை கட்டி நிற்பர். இறைவேண்டலும் தமிழ்த்தாய் வாழ்த்தும் நிகழும். வகுப்பில் அமர்ந்ததும் பெயர் அழைப்பு.

பெயர் அழைத்தபின் மறுமொழி வாராத கணமே அந்நாளின் முதன்மையான கணம். 'ஏன் வரவில்லை?' என்று ஆசிரியர் கேட்பார். வகுப்பே விடை சொல்லும். 'அவங்க அம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு.' 'அவங்க அப்பா கடலுக்குப் போனவரு இன்னும் கரைக்கு வரலை, சிஸ்டர்.' 'அவங்க வீடு பூட்டிக் கிடக்கு. செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க.' ஊரின் பிறப்பும் இறப்பும் கடனும் பிழைப்புத் தேடிப் போன பயணமும் ஒரு பெயருக்குப் பின் எழும் அமைதியில் வெளிப்படுகின்றன. நண்பகலில் ஒரு மாணவனை அவ்வீட்டிற்கு அனுப்பி வைப்பதும், மாலையில் ஆசிரியையே ஒரு நடை போய் வருவதும் அப்பள்ளிகளின் வழக்கம். அரசு விதிகளில் அதற்கு இடமில்லை. ஆயினும் சமுதாயம் என்னும் சொல்லுக்குப் பொருள் அந்த நடையில்தான் இருக்கிறது.

ஒரு நாளில் ஒரே ஒரு முறை அவ்வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கத்தோலிக்கக் குழந்தைகள் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும், ஏனையோர் நன்னெறிக் கல்விக்கு மற்றோர் அறைக்கும் செல்வர். அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையத்தில், பெற்றோர் இசைவின்றி எக்குழந்தையையும் சமயக் கல்வியில் பங்குகொள்ளச் செய்தல் ஆகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு கூறுகிறது. அப்பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினர்க்கு 30-ஆம் பிரிவு வழங்குகிறது. இவ்விரு பிரிவுகளும் ஓர் ஓட்டுக் கூரையின் கீழ் அரைமணி நேரப் பாடவேளையாக உருக்கொள்கின்றன. மணி அடித்ததும் இரு அறைக் குழந்தைகளும் ஓடிவந்து தத்தம் இடத்தில் அமர்வர். 'உங்களுக்கு இன்னைக்கு என்ன கதை?' என்று ஒருவரை ஒருவர் கேட்பர். தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதைக்கு ஈடாகச் சிபி புறாவுக்குத் தன் தசையை அரிந்து கொடுத்த கதை கைமாறும்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி மூவேளைச் செபத்திற்கு ஒலிக்கும். எழுதிக்கொண்டிருந்த கைகள் நிற்கும். செபம் சொல்லாத குழந்தையும் தோழிக்காக அமைதியாக நிற்கும். அதன்பின் சத்துணவு. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமாகத் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்த அது, அரசு உதவி பெறும் பள்ளிக் குழந்தைகளுக்கும் உரியது. தாழ்வாரத்தில் ஒரே வரிசையில் தட்டுகள் வைக்கப்படுகின்றன. யார் பக்கத்தில் யார் என்பதைப் பசியும் தோழமையும் தீர்மானிக்கின்றன. உடன் உண்ணுதல் எத்தனை தெருக்களுக்கு எத்தனை காலம் மறுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு அந்த வரிசையின் அருமை விளங்கும்.

ஆண்டின் இரு நாள்கள்

ஆண்டு முழுவதும் விழாக்கள் உண்டெனினும் இரண்டினை மட்டும் இங்குக் குறிப்பிடலாம். ஒன்று, தவக்காலத்தின் தொடக்க நாள். முன்னை ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை அன்று நெற்றியில் பூசுவர். பழைய வழக்கில் அதற்கு 'விபூதிப் புதன்' என்று பெயர். இன்றைய வழக்கில் 'திருநீற்றுப் புதன்' என்பர். அன்று காலை சவரிமுத்துவின் நெற்றியிலும் சாம்பல், சிவகாமியின் நெற்றியிலும் சாம்பல். ஒன்று சிலுவைக் குறியாகவும் மற்றொன்று கீற்றாகவும் இருக்கும். ஒரே பெயர் கொண்ட இரு சாம்பலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்கள் நூல் எழுதி விளக்குவர். குழந்தைகளுக்கு அன்று எல்லோரும் நீறு பூசிய நாள்.

மற்றொன்று ஆகஸ்டு 15. அது நாட்டின் விடுதலை நாள். கத்தோலிக்கர்க்கு மாதாவின் விண்ணேற்பு விழா நாளும் ஆகும். கோயிலில் திருப்பலி முடிந்து வெளிவரும் ஊரார் பள்ளி முற்றத்தில் கொடியேற்றத்திற்கு நிற்பர். அங்கே திருப்பலிக்கு வாராதோரும் வந்து சேர்ந்துகொள்வர். கோயில் வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை உள்ள சில அடித் தொலைவில், பங்கு மக்கள் ஊர் மக்களாக விரிவு பெறுகின்றனர். குழந்தைகளின் கவனமெல்லாம் மிட்டாய்த் தட்டின்மேல் இருக்கும்.

பெயரின் மறுபக்கம்

இவ்வளவும் உண்மை. எனினும் இதனோடு உரை முடியுமாயின் அது பாதி உண்மையாகவே நிற்கும். பெயர் சொல்லி அழைத்த அதே சபை, சிலருடைய பெயர்களைச் சாதிக்கு அப்பால் கேட்க மறுத்ததும் வரலாறு.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் இதற்கு எடுத்துக்காட்டு. 1745-இல் நீலகண்டன் என்பார் அவ்வூரில் திருமுழுக்குப் பெற்றார். 'இறைவன் துணை' எனப் பொருள்படும் 'இலாசர்' என்னும் பெயர் தமிழில் 'தேவசகாயம்' ஆக, அப்பெயராலே அவர் அறியப்பட்டார். அவர் மறைச்சாட்சியாக இறந்ததன்பின் ஒரு நூற்றாண்டும் கடந்து, அதே வடக்கன்குளத்தில் எழுந்த கோயில் இருகிளையாக அமைந்தது. சாதிக்கு ஒரு கிளை. இரு கிளையினரும் ஒரே பீடத்தைக் காணலாம். ஒருவரை ஒருவர் காண இயலாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு அகற்றப்பட்டபோது வழக்கு எழுந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. தடுப்பு வேண்டும் என்றோர்க்கு அங்கே வெற்றி கிட்டவில்லை.

தேவசகாயம் 2022 மே 15-இல் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அப்போது அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929-இல். தமிழ் மண்ணின் ஒரு புனிதரைச் சாதிப் பட்டமின்றி அழைக்க அதன்பின் 93 ஆண்டுகள் ஆயின. ஒரு பெயரைச் சுத்தமாகச் சொல்வது அத்துணை எளிதன்று.

இதன் நிழல் தொடக்கப்பள்ளியின் பதிவேட்டிலும் விழுகிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. அது 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கிறித்தவரான தலித்துகளுக்கு விரிவுபடுத்தப்படவில்லை. இழிவு மதம் மாறியபின்னும் தொடர்ந்தது. அதற்கு ஈடாகக் கிடைக்கும் உரிமை மட்டும் தொடரவில்லை. ஆகவே சில குடும்பங்களில் ஒரே குழந்தைக்கு இரு பெயர்கள் அமைந்தன. கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒன்று; நூறடி தள்ளியுள்ள பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் மற்றொன்று. ஞாயிறன்று 'அருள்மேரி' என்றும் திங்களன்று 'செல்வி' என்றும் அழைக்கப்படும் குழந்தை, இரண்டிற்கும் தயங்காமல் 'உள்ளேன்' என்கிறது. அதன் தாய் பொய்யுரைத்தாள் என்று தீர்ப்பளிப்போர், அவளை அந்நிலைக்குத் தள்ளியது எது என்றும் கேட்டல் வேண்டும்.

1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஏழைக் குழந்தைகளுக்குப் பணி செய்யும் விருப்பத்தோடு கன்னியர் மடம் புகுந்த ஒரு தலித் பெண், மடத்துப் பள்ளிகள் வசதி படைத்தோர்க்கு அணுக்கமாகவும் எளியோர்க்குச் சேய்மையாகவும் நிற்பதைக் கண்டு வெளியேறிய வாழ்வு அது. அந்நூல் பள்ளியை வெறுக்கும் நூலன்று. பள்ளி தன் சொல்லைக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கும் நூல். அவ்வகையில் அது பெயர் அழைப்புக்கு ஒரு மாணவி தந்த நேர்மையான மறுமொழியாகும்.

இன்றைய நிலை

இன்று அப்பள்ளிகள் பலவற்றில் பதிவேட்டின் பக்கம் சுருங்கி வருகிறது. வசதியுள்ளோர் தம் குழந்தைகளை வேனில் ஏற்றி ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர். தமிழ்வழியில் கட்டணமின்றி நடக்கும் பங்குப் பள்ளியில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர், மீனவர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் மக்கள். 2024 சூலை 15-இல் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த உணவு தேவைப்படும் குழந்தைகளே அங்கே அமர்ந்திருக்கின்றனர் என்பது அத்திட்டத்தின் பெருமையையும் காலத்தின் நிலையையும் ஒருங்கே காட்டும்.

சில வளாகங்களில் இரு பள்ளிகள் உள்ளன. ஒன்று கட்டணம் பெறும் ஆங்கிலவழிப் பள்ளி. மற்றொன்று பழைய ஓட்டுக் கூரைத் தொடக்கப்பள்ளி. இரண்டிற்கும் நிருவாகம் ஒன்று. வாயில் வேறு, சீருடை வேறு. நண்பகலில் கோயில் மணி இரண்டிற்கும் சேர்த்தே ஒலிக்கிறது. இரு பக்கத்துக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கின்றனர். ஒருவரை ஒருவர் காண்பதில்லை. வடக்கன்குளத்தில் இடிக்கப்பட்ட தடுப்பு வேறு செங்கல்லால் மீண்டும் எழுகிறதோ என்னும் ஐயம் இங்கே தோன்றுவது இயல்பு. அன்று அது சாதியின் பெயரால் எழுந்தது. இன்று பயிற்றுமொழியின் பெயராலும் கட்டணத்தின் பெயராலும் எழுகிறது. யார் எப்பக்கம் அமர்வர் என்பதில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை.

ஆங்கிலம் கற்பது குற்றமன்று. அதை விரும்பும் தாயின் விருப்பமும் குற்றமன்று. மீனவர் மகளும் ஆசிரியர் மகனும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்த எண்களாக இருந்த நிலை மறைவதே இழப்பு. ஒரு பள்ளி மூடப்படும்போது கட்டடம் மட்டும் மூடப்படுவதில்லை. யார் வரவில்லை என்று ஊர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் நின்றுவிடுகிறது.

கவிஞர் பெருமக்களே!

கவிதை என்பதும் பெயர் சொல்லி அழைக்கும் கலையே. இதுவரை பெயர் சொல்லப்படாத ஒன்றை அழைத்து, அதன் மறுமொழிக்காகக் காத்திருப்பதே கவிஞர் பணி. பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடி, வந்தோரை வரவேற்று, வாராதோரை விசாரித்து வந்த இவ்விலக்கிய வட்டமும் தன்னளவில் ஒரு தொடக்கப்பள்ளியே ஆகும். ஆகவே இவ்வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திற்கு முன் ஒரு நாள் காலையில், அருகிலுள்ள ஓர் ஊர்ப்பள்ளியின் தாழ்வாரத்தில், தலைமையாசிரியரின் இசைவோடு சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். பாடம் எதையும் கேட்க வேண்டா. பெயர் அழைப்பை மட்டும் கேளுங்கள். சூசை, முருகேசன், ஆயிஷா, ஆரோக்கியமேரி என்று குரல் செல்லும். 'உள்ளேன்' என்னும் மறுமொழி ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

ஏதேனும் ஒரு பெயருக்கு மறுமொழி வாராமல் போகலாம். அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.